முடக்கு வாதமும் முதியோர் இரத்தமும்

முதுமை வந்தால் மூட்டு வலியும் உடன் வந்துவிடும் என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். தாத்தாவின் முழங்கால் நோவையும் பாட்டியின் விரல் வீக்கத்தையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டு, தைலம் தடவி, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து ஆற்றிக்கொள்வதே வழக்கமாக இருந்தது. பின்னர் அதனுடன் வேறொரு வழக்கமும் வந்து சேர்ந்தது. மூட்டு வலி என்றவுடன் இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறோம். அதன் முடிவு ஒரு சீட்டில் அச்சாகி வருகிறது. அந்தச் சீட்டை ஏறக்குறைய ஒரு தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறோம். முன்னைய வழக்கம் நோயைக் கவனியாமல் விட்டது. பின்னைய வழக்கமோ இல்லாத நோயை உண்டென்று சொல்லிவிடவும் கூடும். இவ்விரண்டுக்கும் இடையே உண்மை எங்கே நிற்கிறது என்பதை அறிய, அந்தப் பரிசோதனை பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

வங்கக் கடலுக்கு அப்பால், அந்தமான் தீவுகளில் குட்வில் எஸ்டேட் என்றோர் ஊர் உண்டு. தாய்நாட்டுக் கரையிலிருந்து நெடுந்தொலைவில் தமிழர் பலர் வாழ்ந்துவரும் தீவுக்கூட்டம் அது. அவ்வூரில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கை கால் நோவுக்காக அவர் தீவின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்துக்குச் செல்கிறார். 2024-ஆம் ஆண்டுவரை நாம் போர்ட் பிளேர் என்று வழங்கிய ஊர்தான் அது. பரிசோதனைச் சீட்டில் 'ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வீட்டார் அதனை 'முடக்கு வாதம் உறுதி' என்று தமிழாக்கிக் கொள்கின்றனர். டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களிலும் நிகழக்கூடியதே இது. அந்த ஆங்கிலத் தொடர் உண்மையில் கூறுவது அதனினும் மிகக் குறைவு என்பதே நாம் இங்கே விளக்கப் புகும் செய்தி.

மூட்டு நோய்கள் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. சித்த மருத்துவம் வாத நோய்களை எண்பது வகையாகப் பகுத்துரைக்கிறது. மூட்டுகளை மடக்கி நீட்ட இயலாதபடி முடக்கிவிடும் நோய்க்கு முடக்கு வாதம் என்ற பெயர் வழங்கியது. அம்முடக்கை அறுப்பது என்ற கருத்தில் ஒரு கொடிக்கு முடக்கறுத்தான் என்று பெயரிட்டு, அதனைத் துவையலாகவும் தோசையாகவும் நம் வீடுகளில் இன்றும் உண்கிறோம். ஆனால் மூட்டு வலிகள் யாவும் ஒரே நோய் அல்ல. நாட்பட்ட உழைப்பால் மூட்டின் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, கால் பெருவிரலில் தீப்பட்டாற்போல் எரியும் கவுட் என்னும் நோய் மற்றொன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்குவது மூன்றாவது. இம்மூன்றாவதே இன்று மருத்துவர் முடக்கு வாதம் என்று குறிப்பது.

ஐரோப்பாவில் இந்நோயைத் தனியாகப் பிரித்தறிந்த வரலாறு 1800-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பாரிஸ் மாநகரில் சால்பெட்ரியே என்னும் மருத்துவ விடுதி, ஏழைப் பெண்களுக்கும் முதியோருக்கும் புகலிடமாக இருந்தது. அங்கே பணியாற்றிய லாண்ட்ரே போவே என்னும் இளம் மருத்துவர், ஒன்பது பெண்களின் மூட்டு நோயை ஆராய்ந்து தம் பட்டத்துக்குரிய கட்டுரையில் எழுதினார். செல்வர்களின் நோய் எனப்பட்ட கவுட்டினின்றும் இது வேறுபட்டது என்பது அவர் கண்ட உண்மை. 1859-இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரெட் கேரட் என்னும் மருத்துவர் இன்று வழங்கும் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்ற பெயரை அதற்குச் சூட்டினார். கவுட் நோயாளியின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் கண்டவர் அவரே. மூட்டின் நோயை இரத்தத்தில் தேடும் வழி அங்கேதான் திறந்தது. ஆயினும் முடக்கு வாதத்துக்கு இரத்தத்தில் ஒரு சான்று கிடைக்க இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்த நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடுவது மருத்துவரின் இயல்பாக இருந்தது. முடக்கு வாதத்துக்கும் ஏதோ ஒரு கிருமியே காரணம் எனப் பலர் நம்பினர். பல்லில் ஒளிந்திருக்கும், தொண்டையில் ஒளிந்திருக்கும் என்று கருதி, நோயாளியின் பற்களையும் தொண்டைச் சதையையும் அகற்றியவர்களும் உண்டு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் ரஸ்ஸல் சிசில் என்பவரும் அவர்தம் தோழர்களும் ஒரு விந்தையைக் கண்டனர். முடக்கு வாதமுற்றவரின் இரத்தத்திலிருந்து செவ்வணுக்களை நீக்கிய தெளிநீராகிய சீரத்தை எடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமிகளோடு கலந்தால், அக்கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. நோயை விளைவித்த கிருமி அகப்பட்டுவிட்டது என்றே அவர்கள் எண்ணினர். எண்ணம் பிழையே; ஆயினும் சீரத்தில் ஏதோ ஒட்டவைக்கும் பொருள் உண்டு என்பது மெய்யாயிற்று.

அப்பொருளைத் தெளிவாகக் கண்டவர் நார்வே நாட்டின் எரிக் வாலர். ஆட்டின் செவ்வணுக்களை எடுத்து, அவற்றின்மீது முயலின் எதிர்ப்பொருளைச் சிறிதளவு பூசி வைத்திருந்தார். பூசிய அளவு மிகக் குறைவாதலின், அணுக்கள் தாமே திரளமாட்டா. அதனுள் முடக்கு வாத நோயாளி ஒருவரின் சீரத்தை விட்டபோது அவை குப்பெனத் திரண்டன. சீரத்தில் உள்ள ஏதோ ஒரு காரணி ஆட்டின் அணுவைப் பற்றவில்லை. அதன்மேல் பூசியிருந்த முயலின் எதிர்ப்பொருளையே பற்றி இழுத்தது. 1940-இல் இச்செய்தியை வாலர் வெளியிட்டார். அவருடைய நாட்டில் ஜெர்மானியப் படை புகுந்த ஆண்டு அது. போரின் முழக்கத்தில் அக்கட்டுரை உலகின் செவியில் விழாமலே போயிற்று. 1948-இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸ், சார்லஸ் ரேகன் முதலியோர் இதே உண்மையைத் தாமாகவே மீண்டும் கண்டனர். ஆகவே வாலர்–ரோஸ் பரிசோதனை என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

ஆட்டு இரத்தமும் முயல் சீரமும் தேடி எல்லா ஊர் மருத்துவமனைகளும் அலைய இயலாது. இத்தடையை நீக்கியது 1956-இல் சிங்கர், பிளாட்ஸ் என்னும் இருவர் வகுத்த முறை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் நீரில் மிதந்து பால்போல் தோன்றும். அம்மணிகளின்மேல் மனிதரின் காமா குளோபுலின் என்னும் எதிர்ப்பொருளைப் பூசிவிட்டு, நோயாளியின் சீரத்தை அவற்றோடு கலந்தனர். காரணி இருந்தால் பால் திரிந்தாற்போல் மணிகள் திப்பிதிப்பியாகத் திரளும்; இல்லையேல் பால் பாலாகவே இருக்கும். லேட்டெக்ஸ் பரிசோதனை என்று அதற்குப் பெயர். 1970-ஆம் ஆண்டுகளில் இலங்கையிலிருந்து நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு வந்து இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழருக்கு லேட்டெக்ஸ் என்ற சொல் புதிதன்று. மரத்துப் பாலைக் குறிக்கும் அச்சொல்லே, தோற்றத்தின் ஒப்புமையால் இங்கும் வழங்கலாயிற்று. ஒரு கண்ணாடித் தகடும் சில நிமிஷங்களும் போதும் என்ற நிலை வந்தவுடன், பரிசோதனை பெருநகர ஆய்வுக்கூடங்களை விட்டுச் சிற்றூர்களுக்கும் சென்றது.

அக்காரணி யாது என்ற கேள்விக்கும் அடுத்த ஆண்டே விடை கிடைத்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹென்றி குங்கெலும் அவர்தம் குழுவினரும், அஃது உடலே உண்டாக்கிய ஒரு பேருருவ எதிர்ப்பொருள் என்றும், உடலின் மற்ற எதிர்ப்பொருள்களையே அது பற்றிக்கொள்கிறது என்றும் 1957-இல் காட்டினர். காவலன் மற்றொரு காவலனையே கையைப் பிடித்து நிறுத்துவது போன்ற செயல் அது. உயிருடல் தன்னையே நஞ்செனக் கொண்டு தாக்காது என்று, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, பால் எர்லிக் என்னும் பேரறிஞரின் கொள்கை அறிஞர் உலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கொள்கைக்கு முரணாக, உடல் தன்னைத்தானே எதிர்க்கும் பொருளை ஆக்குகிறது என்பது இப்போது கண்கூடாயிற்று. இத்தகைய பொருளைத் தன்னெதிர்ப்பொருள் என்று தமிழில் கூறலாம்.

1958-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் முடக்கு வாதத்தைக் கண்டறிவதற்குரிய அடையாளங்களைத் திருத்தி வகுத்தபோது, இந்தத் திரட்சிப் பரிசோதனையும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. பரிசோதனைக்குப் பெருமை கூடிற்று. ஆனால் அறிவியலில் ஒரு கருவியின் பெருமை அதன் பிழையையும் அளந்த பின்னரே நிலைபெறும். நோயாளிகளிடம் மட்டும் சோதித்தவர்கள், நோயில்லாதவரிடமும் சோதித்துப் பார்க்கத் தலைப்பட்டனர். அப்போதுதான் முதுமை என்னும் சாட்சி மன்றத்துக்கு வந்தது.

மூட்டில் யாதொரு வீக்கமும் இல்லாத முதியோரின் இரத்தத்தில் முடக்கு வாதக் காரணியை ஒத்த பொருள் காணப்படுகிறது என்று ஹெய்மர் முதலியோர் 1963-இல் எழுதினர். 1965-இல் லிட்வின், சிங்கர் என்னும் இருவர் முதியோரிடத்தில் இப்பொருள் எத்துணை பேருக்கு உளது, அதன் பொருள் யாது என்று ஆராய்ந்து வெளியிட்டனர். அதன் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் சாரம் இது: நலமுடன் இருக்கும் இளையோரில் நூற்றுக்கு ஐவருக்கோ, அதனினும் குறைந்தோருக்கோதான் இக்காரணி காணப்படும். அறுபத்தைந்து, எழுபது வயதைக் கடந்தோரிலோ, ஆராய்ந்த மக்களையும் முறையையும் பொறுத்து, நூற்றுக்கு 10 முதல் 25 பேர் வரை காணப்படலாம். பெரும்பாலும் அதன் அளவு குறைவாகவே இருக்கும். அவர்களில் மிகப் பலருக்கு முடக்கு வாதம் வந்ததுமில்லை; இனி வரப்போவதுமில்லை.

இஃது ஏன் நேர்கிறது? உடலின் எதிர்ப்புப் படைக்குப் பயிற்சி தரும் பள்ளி நெஞ்செலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. இளமை கடந்ததும் அது சுருங்கத் தொடங்குகிறது. தன்னவர் யார், அயலவர் யார் எனப் பிரித்தறியும் கண்டிப்பு ஆண்டு ஏற ஏறத் தளர்கிறது. மேலும், ஒருவர் எழுபது ஆண்டு வாழ்ந்தார் என்றால், எழுபது ஆண்டுக் காலத்துத் தொற்றுகளோடு அவருடல் போரிட்டிருக்கிறது என்பது பொருள். போரிடும்போது கிருமியும் எதிர்ப்பொருளும் பின்னிக்கொண்ட சிக்கல்கள் குருதியில் மிதக்கும். அவற்றைப் பற்றிப் பெருந்திரளாக்கி வெளியேற்றுவதற்கு இக்காரணி உதவுகிறது என்று அறிஞர் கருதுகின்றனர். அவ்வாறாயின் அது முற்றிலும் பகைப்பொருள் அன்று. அளவோடு இருக்கும்வரை தூய்மைப் பணியாளன் எனவே கொள்ளலாம்.

தொற்றுக்கும் இக்காரணிக்கும் உள்ள உறவை ஓர் ஆராய்ச்சி அழகாகக் காட்டியது. இதயத்தின் உட்சவ்வில் கிருமிகள் நாட்பட்டுத் தங்கும் நோயுற்றோரிடம் இக்காரணி தோன்றுவதையும், கிருமிகளை மருந்தால் ஒழித்த பின்னர் அது குறைந்து மறைவதையும் வில்லியம்ஸ், குங்கெல் ஆகியோர் 1962-இல் எடுத்துரைத்தனர். தொழுநோய், காசநோய், காலா அசார், கல்லீரலைத் தாக்கும் பி, சி வகை மஞ்சட்காமாலை ஆகியவற்றிலும் இக்காரணி தோன்றக்கூடும். நம் நாட்டுக்கு இப்பட்டியல் மிகவும் முக்கியமானது. அந்தமான் நிக்கோபார்ப் பழங்குடிகளிடையே பி வகைக் கல்லீரல் தொற்று மிகுந்து காணப்படுவதை, 1983-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அங்கே நிறுவிய ஆராய்ச்சி மையத்தார் ஆய்ந்து தெரிவித்திருக்கின்றனர். ஆகவே குளிர் நாடுகளின் இளையோரைக் கொண்டு அமைத்த அளவுகோலை, தொற்று மிகுந்த வெப்ப நாட்டின் முதியோர்மீது அப்படியே வைத்து அளத்தல் பொருந்தாது.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எழுபது வயது கடந்த ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தி, வலி உண்டா இல்லையா என்று கேளாமலே எல்லாருக்கும் இப்பரிசோதனையைச் செய்வதாகக் கொள்வோம். அவர்களில் இருபது பேருக்கு மெய்யாகவே முடக்கு வாதம் உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். பரிசோதனை நோயாளிகளில் நூற்றுக்கு எழுபது பேரைக் கண்டுபிடிக்கும் வன்மை உடையது. ஆதலின் இருபதில் பதினான்கு பேரைக் காட்டும். எஞ்சிய 980 பேரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வயதின் காரணமாகவே காரணி இருக்குமாயின், 147 பேருக்குப் பாசிட்டிவ் என்று வரும். மொத்தம் 161 சீட்டுகள். அவற்றுள் மெய்ச்சீட்டு பதினான்கே. பதினொன்று அல்லது பன்னிரண்டு சீட்டுகளுக்கு ஒன்றுதான் உண்மை உரைக்கிறது.

இதே பரிசோதனையை வேறு விதமாகப் பயன்படுத்துவோம். விரற்கணுக்கள் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கை மடங்காமல், ஆறு வாரத்துக்கு மேல் துன்புற்ற நூறு முதியோரை மட்டும் தேர்ந்தெடுப்போம். அவர்களில் ஐம்பது பேருக்கு நோய் மெய்யாக இருப்பதாகக் கொண்டால், அவர்களுள் முப்பத்தைந்து பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத ஐம்பது பேரில் ஏழெட்டுப் பேருக்கே வரும். இப்போது ஆறு சீட்டில் ஐந்து உண்மை. பரிசோதனை மாறவில்லை, சீரமும் மாறவில்லை, எவரிடம் கேட்டோம் என்பதே மாறிற்று. மருத்துவர் விரலைத் தொட்டுப் பார்த்த பின்னர் கேட்கும் பரிசோதனைக்கும், முழு உடற்பரிசோதனை என்ற பெயரில் விலைப்பட்டியலைக் கண்டு நாமே செய்துகொள்ளும் பரிசோதனைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

வயதால் இத்துணை மயங்காத வேறொரு சாட்சி உண்டா என்ற தேட்டமும் 1960-ஆம் ஆண்டுகளிலேயே தொடங்கியது. 1964-இல் ஹாலந்து நாட்டின் நீன்ஹவுஸ், மண்டெமா என்னும் இருவர், கன்னத்தின் உட்புறத்திலிருந்து சுரண்டியெடுத்த உயிரணுக்களின்மீது நோயாளியின் சீரத்தை இட்டபோது, அணுவின் உட்கருவைச் சூழ்ந்த சில மணிகள் ஒளிர்வதைக் கண்டனர். முடக்கு வாதமுற்றோரின் சீரத்தில் பெரும்பாலும் இது நிகழ்ந்தது. ஆயினும் எவர் கன்னத்தின் அணு ஒளிரும், எவருடையது ஒளிராது என்று உறுதி கூற முடியாமையால் அம்முறை ஊரெங்கும் பரவவில்லை. 1979-இல் எலியின் உணவுக்குழாயைக் கொண்டு மற்றொரு முறை வந்தது. இவ்விரண்டும் ஒரே பொருளையே காட்டுகின்றன என்பது 1990-ஆம் ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று.

1998-இல் ஹாலந்தின் நெய்மேகன் பல்கலைக்கழகத்துக் குழுவினர் புதிரின் முடிச்சை அவிழ்த்தனர். புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்னும் கூறு சிட்ருலின் என்னும் கூறாக உருமாறும் இடத்தையே நோயாளியின் எதிர்ப்பொருள் பற்றுகிறது என்பது அவர்கள் கண்டது. சிட்ருலின் என்ற பெயர் நமக்கு அயலாகத் தோன்றலாம். ஆனால் பொருள் அயலன்று. 1914-இல் ஜப்பானிய அறிஞர்கள் தர்ப்பூசணிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருளே அது. தர்ப்பூசணியின் லத்தீனப் பெயரான சிட்ருல்லஸ் என்பதிலிருந்து அதன் பெயர் பிறந்தது. தர்ப்பூசணி உண்பதால் இந்நோய் வரும் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. உடலின் புரதத்துக்குள்ளேயே நிகழும் மாற்றம் வேறு, உணவில் வரும் பொருள் வேறு.

இவ்வாறு பிறந்ததே ஆன்டி சி.சி.பி. என்று இன்று சீட்டுகளில் காணும் பரிசோதனை. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2007-இல் வெளியான கணக்கின்படி, பழைய காரணியும் புதிய பரிசோதனையும் நோயாளிகளைக் கண்டுபிடிப்பதில் ஏறக்குறைய ஒன்றே. நூற்றுக்கு எழுபதை ஒட்டியே இரண்டும் நிற்கின்றன. வேற்றுமை மறுபுறத்தில்தான் உளது. நோயில்லாதவரை இல்லை என்று சரியாகக் கூறுவதில் பழையது நூற்றுக்கு 85. புதியது நூற்றுக்கு 95. பழைய காரணியைப்போல் இது வயது ஏற ஏறப் பொய்யாகப் பெருகுவதில்லை. ஆகவே முதியவர் ஒருவருக்குப் பழைய காரணி குறைந்த அளவில் காணப்பட்டால், இரண்டாவது சாட்சியாக இதனைக் கேட்பது பயனுடையது. இதுவும் பிழையற்றதன்று, காசநோயுற்ற சிலரிடம் இதுவும் தவறாகத் தோன்றுவதுண்டு.

மற்றொரு செய்தியும் உண்டு. ஹாலந்தில் இரத்த தானம் செய்தோரின் பழைய சீரங்களைக் குளிரறையில் காத்துவைத்திருந்தனர். பின்னாளில் முடக்கு வாதமுற்ற 79 பேரின் சீரங்களை எடுத்து ஆராய்ந்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, நடுத்தரமாக நாலரை ஆண்டுகளுக்கு முன்பே, இவ்விரண்டு எதிர்ப்பொருள்களுள் ஒன்றேனும் இருந்தது என 2004-இல் தெரிவித்தனர். ஆகவே பாசிட்டிவ் என்ற சொல் ஒருவருக்கு வருமுன் ஒலிக்கும் மணியாகவும், வேறொருவருக்கு வயதின் வெற்றொலியாகவும் இருக்கலாம். எண் எத்துணை உயர்ந்தது, இரண்டு பரிசோதனைகளும் ஒத்துரைக்கின்றனவா, மூட்டு வீங்கியிருக்கிறதா என்பனவற்றைக் கொண்டே வேறுபாடு அறிய வேண்டும். 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த முறையில், மொத்தம் பத்து மதிப்பெண்ணில் ஆறு பெற்றால் முடக்கு வாதம் எனக் கொள்ளலாம். அதில் இரத்தத்தின் தன்னெதிர்ப்பொருளுக்கு அதிகமாக மூன்று மதிப்பெண்ணே. இயல்பு வரம்பினும் மூன்று மடங்குக்கு மேற்பட்டால்தான் அம்மூன்றும். அதற்குக் குறைந்தால் இரண்டு. மூட்டுகளுக்கோ ஐந்து மதிப்பெண் வரை உண்டு. மூட்டில் வீக்கமே இல்லாதவருக்கு இம்முறையைப் பயன்படுத்துவதே கூடாது என்பது அதன் முதல் விதி.

முதுமை இப்பரிசோதனையை ஒரு திசையில் மட்டும் மயக்குவதில்லை. அறுபது வயதுக்குமேல் புதிதாக முடக்கு வாதம் தொடங்குவோர் உண்டு. அவர்களுக்கு நோய் சிலவேளை திடீரென்று தோன்றும். தோள்பட்டை போன்ற பெரிய மூட்டுகளைப் பற்றும். ஆண்களும் இதில் மிகுதியாகக் காணப்படுவர். அவர்களுள் கணிசமானோருக்கு இரத்தத்தில் யாதொரு தன்னெதிர்ப்பொருளும் தென்படாது. ஆகவே நெகட்டிவ் என்று வந்ததனால் 'இது வயதான வலிதான்' என்று ஒதுக்கிவிடுதலும் தவறே. இரத்த அணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் இ.எஸ்.ஆர். பரிசோதனையும் வயதோடு உயர்வது. ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்று 1983-இல் ஓர் எளிய வாய்பாடு தரப்பட்டது. அதன்படி எழுபது வயது ஆணுக்கு 35, பெண்ணுக்கு 40 வரை இயல்பெனலாம். சீட்டின் ஓரத்தில் அச்சிட்ட வரம்போ பெரும்பாலும் இளையோருக்குரியது.

அந்தமானைப் பற்றிப் பேசுகையில் சிக்குன்குனியாவை மறத்தல் இயலாது. 1952-இல் ஆப்பிரிக்காவின் டாங்கனீக்காவில் கண்டறிந்த இக்காய்ச்சல், 1963-இல் கல்கத்தாவிலும், 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிற்று. பின்னர் நெடுங்காலம் அடங்கியிருந்து 2005-ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாட்டில் மீண்டும் தலைதூக்கி, 2006-இல் அந்தமானையும் அடைந்தது. உடலை வளைத்துவிடுவது என்பதே அப்பெயரின் பொருள். காய்ச்சல் நீங்கிய பின்னும் சிலருக்கு, சிறப்பாக நடுவயது கடந்தோருக்கு, மூட்டு வலி பல மாதங்கள், சிலவேளை ஆண்டுக்கணக்காக நீடிக்கும். வீக்கத்தைப் பார்த்தால் முடக்கு வாதத்தின் மறுபதிப்பே எனத் தோன்றும். அவர்களில் பெரும்பாலோருக்குத் தன்னெதிர்ப்பொருள்கள் காணப்படுவதில்லை. ஆனால் அவர் முதியவராயின், வயதினால் முன்பே இருந்த காரணி அப்போதுதான் முதன்முதலாகச் சோதனையில் அகப்பட்டு, காய்ச்சலின் விளைவுக்கு முடக்கு வாதம் என்று பெயர் சூட்டிவிடக்கூடும். ஆகவே முன்னர் வந்த காய்ச்சலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுதல், எந்தச் சீட்டினும் மேலான சான்றாகும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவலாம். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும் என்பதே விடை. 1948-இல் பிலிப் ஹென்ச் என்பவர் கார்ட்டிசோன் மருந்தை முடக்கு வாத நோயாளிக்குக் கொடுத்து, படுத்தவரை நடக்கச் செய்து, 1950-இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வகை மருந்தை முதியோர் நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், தொற்று எளிதில் பற்றும் என்பதும் விரைவில் தெரியலாயிற்று. இன்று முதன்மையாக வழங்கும் மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. கண் மங்கிய முதியவர் தனியே மருந்தெடுக்கும் வீட்டில் இஃது எத்துணை எச்சரிக்கைக்குரியது என்று சொல்ல வேண்டுவதில்லை. நோயில்லாதவருக்கு இவை வீண் துன்பம். நோயுள்ளவருக்கோ, தொடக்கத்திலேயே கொடுத்தால் மூட்டு கோணாமல் காக்கும் பெருங்கொடை. காலந்தாழ்த்திய பின் கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது.

ஆதலின் வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பத்தார் மனத்திற்கொள்ள வேண்டியன சில. மருத்துவரின் மொழி இந்தியோ வங்காளமோ எதுவாயினும், காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது, எந்த மூட்டு வீங்குகிறது, எத்தனை வாரமாயிற்று, அண்மையில் காய்ச்சல் வந்ததா, முன்னர் காசநோயோ மஞ்சட்காமாலையோ உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுதல் நன்று. சீட்டில் பாசிட்டிவ் என்ற சொல்லை மட்டும் பாராமல், எண்ணையும் அதன் வரம்பையும் பார்த்தல் வேண்டும். பழைய சீட்டுகளை எறியாமல் கோத்து வைத்தல் வேண்டும். பாசிட்டிவ் என்பதற்கு 'அப்பொருள் காணப்பட்டது' என்பதே நேரான தமிழ். 'நோய் காணப்பட்டது' என்பது அன்று.

வாலர் தம் சோதனைக் குழாயில் ஆட்டின் அணுக்கள் திரள்வதைக் கண்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அக்காலத்தில் நம் நாட்டில் எழுபது வயதை எட்டியவர் சிலரே. இன்று அவர்கள் பலர். இளையோரை வைத்து வகுத்த அளவுகளை முதியோருக்கு ஏற்பத் திருத்திப் படிக்கும் கடமை, ஆயுள் நீண்டதனால் நமக்கு வந்து சேர்ந்தது. இரத்தம் பொய் சொல்வதில்லை. நெடுங்காலம் வாழ்ந்த உடலின் கதையையும் சேர்த்துச் சொல்கிறது. அக்கதையில் எது நோய், எது வயது எனப் பிரித்தறிவது, முதியவரின் கையை எடுத்து ஒவ்வொரு விரற்கணுவையும் மெல்ல அழுத்திப் பார்க்கும் மருத்துவரின் வேலை. அந்த வேலைக்குத் துணையாக வந்தது பரிசோதனை. அதற்கு மாற்றாக வந்ததன்று.